12 துண்டுச் சட்டி செற்றை விலை குறைவென்று வாங்கலாமா, தனித்தனியாக எடுப்பது நல்லதா?

புதுக்குடித்தனம்:

அனைவருக்கும் வணக்கம். ஆவணியில் திருமணமாகி, இப்போது திருகோணமலை உவர்மலையில் ஒரு மேல்மாடி வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடிவந்திருக்கிறோம். சமையலறையில் இரண்டு அடுப்புள்ள காஸ் குக்கர் ஒன்றும், என் அலுவலக நண்பிகள் பரிசாகத் தந்த ஒற்றைத் தட்டு இண்டக்சன் அடுப்பு ஒன்றும் இருக்கின்றன. சட்டி பானை என்று சொல்லிக்கொள்ள, அம்மா தந்துவிட்ட சோற்றுப் பானையும் புட்டுக்குழலும் கேத்திலும் மட்டுமே உண்டு. மிச்சத்தை வாங்க 15,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறோம். அதற்கு மேல் இந்த மாதம் இயலாது.

கடந்த சனிக்கிழமை நகரில் கடை கடையாக ஏறி இறங்கியதில் இரண்டு செற்றுகள் கண்ணில் பட்டன. ஒன்று 13,500 ரூபாய்க்கு 12 துண்டுகள் கொண்ட நொன்ஸ்டிக் செற். வெளிப்புறம் சிவப்பு, உட்புறம் கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள், பெட்டியின் மேல் கருங்கல் பூச்சு என்று எழுதியிருந்தது. மற்றது 9,000 ரூபாய்க்கு 10 துண்டுகள் கொண்ட சில்வர் செற். முகம் பார்க்கலாம் போல் பளபளத்தது, ஆனால் கையில் தூக்கினால் கடதாசிப் பெட்டியைத் தூக்குவது போல் இருந்தது. மூதூரில் இருக்கும் அம்மாவோ, இவை எதுவும் வேண்டாம், அலுமினியச் சட்டியை நிறுத்து வாங்கு, அதில் சமைத்துத்தானே உங்களை வளர்த்தேன் என்கிறார். அலுமினியம் மூளைக்குக் கூடாது என்று எங்கோ வாசித்துவிட்டு என் கணவர் அதற்குத் தடை போடுகிறார்.

எங்கள் சமையல் பெரிதாக ஒன்றுமில்லை. மதியத்துக்குச் சோறு, புளி விட்ட மீன் குழம்பு, ஒரு பால்கறி, கீரைச் சுண்டலோ பொரியலோ ஏதாவது ஒன்று. இரவில் சொதியோடு இடியப்பம் அல்லது புட்டு. காலையில் அவருக்கு முட்டை. ஒருமுறை வாங்கினால் நாலைந்து வருடமாவது பாவிக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் எண்ணம். எதை எடுப்பது, எடுக்கும்போது எதைப் பார்ப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


சாம்பல்தீவு அக்கா:

தங்கச்சி, முதலில் அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, 12 துண்டையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன்னர், சித்திரைப் புத்தாண்டு மலிவு விற்பனையில் நானும் ஒரு 12 துண்டுச் செற் வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தால் சட்டி மூன்று, அவற்றின் கண்ணாடி மூடி மூன்று, முட்டை பொரிக்கும் தட்டைச் சட்டி ஒன்று. மிச்சம் ஐந்தும் நைலோன் அகப்பைகளும் கரண்டிகளும். அகப்பைகளில் ஒன்று முதற்கிழமையிலேயே கொதிக்கிற எண்ணெயில் நுனி உருகிச் சுருண்டு போனது. மூன்று சட்டிகளில் மிகச் சிறியதில் அரைத் தேங்காய்ப் பாலை ஊற்றிச் சொதி வைத்தாலே பொங்கி வழிந்துவிடும். ஆக, நாள்தோறும் அடுப்பில் ஏறியவை இரண்டே இரண்டு.

அந்தத் தட்டைச் சட்டிக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன், அதில் பாதிப் பிழை என்னுடையது. ஒரு நாள் பாரை மீன் பொரித்து இறக்கிய கையோடு, அவசரத்தில் அதைச் சுடச்சுடப் பைப்புக்குக் கீழே பிடித்துவிட்டேன். சமையலறை முழுக்கக் கேட்கும்படி ‘டங்’ என்று ஒரு சத்தம். ஆறிய பிறகு பார்த்தால் அடியின் நடுப்பகுதி மேலே எழும்பியிருந்தது. அன்றிலிருந்து எண்ணெய் விட்டால், அது கோட்டையைச் சுற்றிக் கடல் நிற்பது போல் ஓரத்தில் வட்டமாக நிற்கும். நடுவில் ஒரு சொட்டும் நிற்காது, முட்டை அங்கே காய்ந்து பிடிக்கும். மெல்லிய தகடாக இருந்தபடியால்தான் அவ்வளவு இலகுவாகக் கோணியது என்று பின்னர் விளங்கிற்று. வெளியில் இருந்து பார்க்கும்போது அதன் விளிம்பு தடிப்பாகத்தான் தெரியும். விளிம்பை மடித்துவிட்டிருப்பார்கள், அதை நம்பி ஏமாற வேண்டாம்.

கண்ணாடி மூடிகளைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட. மூடியைச் சுற்றிப் போட்டிருந்த உலோக வளையத்துக்குள் தண்ணீரும் உப்புக் காற்றும் புகுந்து, ஒரு மாரி கழிவதற்குள் துரு வடியத் தொடங்கியது. உவர்மலையிலும் கடற்காற்று குறைவில்லையே, கழுவியதும் மூடியைக் குப்புற வைக்காமல் நிமிர்த்திச் சாய்த்து வைத்துக் காயவிடுங்கள்.

இன்னொன்று. 2022 இல் காஸ் இல்லாமல் நாங்கள் எல்லோரும் முற்றத்தில் கல் வைத்து விறகு மூட்டினோமே, அப்போது அடுப்பில் ஏறியவை அம்மாவின் பழைய அலுமினியப் பானையும் மண்சட்டியும்தான். பேக்கலைற் என்ற கெட்டிப் பிளாஸ்ரிக்கில் கைபிடி போட்ட செற்றை விறகு நெருப்பில் வைக்க முடியாது. மீன் குழம்புக்கு மண்சட்டி ஒன்று எடுங்கள். அதற்கு நிகராக நான் எதையும் சொல்லமாட்டேன்.


பழைய பாத்திரக்கடைக்காரர்:

மகள், நகரில் ஒரு பாத்திரக்கடையில் இருபத்திரண்டு வருடம் நின்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். உங்கள் அம்மா சொன்ன ‘நிறுத்து வாங்கு’ என்ற சொல்லில் முழு வியாபாரமும் அடங்கியிருக்கிறது. அந்தக் காலத்தில் அலுமினியப் பானையை எண்ணி விற்றதில்லை, தராசில் போட்டுத்தான் விற்றோம். துண்டுக் கணக்கில் விற்கத் தொடங்கிய பிறகுதான் தகடு மெலிந்தது. பெட்டிக்குள் துண்டு கூடக்கூட ஒவ்வொன்றின் எடையும் குறைந்துகொண்டு வந்ததை நாங்கள் கையாலேயே உணர்ந்தோம்.

ஒரு கணக்குச் சொல்லித் தருகிறேன், கடைக்குப் போகும்போது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 24 சென்ரிமீற்றர் விட்டமும் 8 சென்ரிமீற்றர் ஆழமும் உள்ள ஓர் அலுமினியச் சட்டி, 1 மில்லிமீற்றர் தடிப்பான தகட்டில் செய்திருந்தால், மூடியும் கைபிடியும் நீங்கலாக ஏறக்குறைய 285 கிராம் இருக்கும். 2 மில்லிமீற்றர் என்றால் 570 கிராம், 3 மில்லிமீற்றர் என்றால் 850 கிராமுக்குச் சற்றுக் கூட. அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 2.7 கிராம் என்பதை வைத்து யாரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குத்தான் இது. 2 மில்லிமீற்றருக்குக் கீழே உள்ள சட்டியைத் தண்ணீர் கொதிக்கவைக்க எடுக்கலாம், குழம்புக்கும் பொரியலுக்கும் எடுக்க வேண்டாம். 3 மில்லிமீற்றர் அடி உள்ள சட்டி, அக்கா சொன்னது போல் ‘டங்’ என்று கோணுவது அபூர்வம். தராசு இல்லாத கடை என்றால், கொண்டுபோன அடிமட்டத்தைச் சட்டியின் அடியில் குறுக்காக வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். அடிமட்டத்துக்கும் அடிக்கும் இடையில் பிறை போல் வெளிச்சம் தெரிந்தால் அந்தச் சட்டி புதிதாக இருக்கும்போதே சரியில்லை. இண்டக்சன் அடுப்பில் வைப்பதற்கு இந்தச் சோதனை இன்னும் முக்கியம்.

அந்த 9,000 ரூபாய்ச் சில்வர் செற்றைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடுங்கள். மெல்லிய சில்வரில் சூடு பரவாது. நெருப்புப் படும் இடத்தில் மட்டும் கொதிக்கும், மற்ற இடம் சும்மா இருக்கும். பருப்புக்கறிக்குப் பாலை விட்டுக் கொஞ்சம் மறந்தால், அடுப்பின் நெருப்பு வட்டம் எப்படியோ அதே வட்டத்தில் அடிப்பிடிக்கும். சில்வர் எடுப்பதென்றால் அடியில் தடித்த தட்டு ஒட்டியதாக எடுக்க வேண்டும். திருப்பிப் பார்த்தால், அடியில் நான்கு ஐந்து மில்லிமீற்றர் உயரத்துக்கு இன்னொரு வட்டு பொருத்தியது தெரியும். உள்ளே அலுமினியம் இருக்கும், அதுதான் சூட்டைப் பரப்பும். அப்படிப்பட்ட ஒரு சட்டியின் விலையே நீங்கள் பார்த்த செற்றின் விலைக்குக் கிட்ட வரும், ஆனால் உங்கள் பிள்ளை காலத்திலும் அது அடுப்பில் நிற்கும்.

கைபிடியைக் கவனியுங்கள். மலிவுச் சில்வரில் கைபிடியை இரண்டு பொட்டு வெல்டிங்கில் ஒட்டியிருப்பார்கள். கொதிக்கிற சொதியோடு தூக்கும்போது அந்தப் பொட்டில் ஒன்று விட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கடைக்கு அப்படிக் கழன்ற சட்டியோடு, காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த ஒரு வாடிக்கையாளரை நான் பார்த்திருக்கிறேன். தறைந்த ஆணி உள்ளே இரண்டு, வெளியே இரண்டு என்று தெரிந்தால் நல்லது. திருகாணி போட்ட பேக்கலைற் கைபிடி என்றால், மாதம் ஒருமுறை முடுக்க வேண்டும். அளவுக்கு மீறி முடுக்கினால் பேக்கலைற் வெடிக்கும்.

சில்வர் நல்லதா மட்டமா என்று பார்க்க ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். உடம்பில் காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல சில்வர். அடியில் மட்டும் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் இண்டக்சன் அடுப்பில் அது சூடேறாது.


கிண்ணியாவிலிருந்து:

சகோதரி, எல்லோரும் சேர்ந்து உங்களைப் பயமுறுத்துகிறார்கள் என்று தோன்றுகிறது. நான் சீனக்குடாப் பக்கம் வேலை செய்கிறேன்; நாங்கள் மூன்று பேர் அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிடுகிறோம். நான்கு வருடத்துக்கு முன்னர் 8,500 ரூபாய்க்கு வாங்கிய நொன்ஸ்டிக் செற்றில் இரண்டு சட்டியும் தட்டைச் சட்டியும் இன்றும் பாவனையில் இருக்கின்றன. புதிதாகக் குடித்தனம் தொடங்குகிறவர்களுக்கு எல்லாப் பாத்திரமும் ஒரே நேரத்தில் தேவைப்படும் என்பதை மறந்துவிட்டு, ஒன்று வாங்கு, பேரப்பிள்ளை வரைக்கும் வரும் என்று சொல்வதில் என்ன பயன்? திடீரென்று நான்கு விருந்தினர் வந்தால் அந்த ஒற்றைச் சில்வர்ச் சட்டியில் சோறும் கறியும் சேர்த்தா காய்ச்சுவது?

நாங்கள் செய்வதெல்லாம் மிகச் சாதாரணமான விடயங்கள். இரும்புக் கரண்டி அறைக்குள்ளேயே இல்லை; சிரட்டை அகப்பையும் மர அகப்பையும்தான். நெருப்பு ஒருபோதும் சட்டியின் அடியைத் தாண்டி வெளியே வராது. வெறும் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு வெங்காயம் வெட்டப் போவதில்லை. ஆறிய பிறகுதான் கழுவுவோம். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும்போது இடையில் பழைய சாரத் துண்டு ஒன்றைப் போடுவோம். பூச்சுக்குக் கீறல் விழுவது அடுப்பில் மட்டும் நடப்பதில்லை, அலுமாரிக்குள்ளும் நடக்கிறது.

மூன்றாவது சட்டி எங்கே போனது என்று கேட்பீர்கள். உம்மா ஒருமுறை வந்து ஒரு கிழமை நின்றார். மகனின் சட்டி இப்படிக் கறுப்பாகக் கிடக்கிறதே என்று மனம் பொறுக்காமல், நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து இரும்புத் தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, உள்ளே வெள்ளை அலுமினியம் தெரியும் வரைக்கும் துலக்கி வைத்திருந்தார். இப்போதுதான் சுத்தமாக இருக்கிறது என்று பெருமையோடு காட்டியபோது, ஓம் உம்மா என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தச் சட்டியில் இப்போது கறிவேப்பிலை நட்டிருக்கிறோம்.


இரசாயனம் கற்பிப்பவர்:

மேலே எழுதிய மூவரும் தத்தம் அனுபவத்தைச் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மூன்று இடங்களில் மட்டும் விளக்கம் தேவை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கணவரின் அச்சத்தைப் பற்றி. அலுமினியத்துக்கும் அல்சைமர் நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயம் பல பத்தாண்டுகளாகப் பேசப்பட்டு வந்தாலும், சமையல் பாத்திரத்தின் அலுமினியம் அந்த நோயை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை. அதே வேளை அலுமினியம் உணவில் கரைவது உண்மை. உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய அமைப்பும் இணைந்து நடத்தும் நிபுணர் குழு, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் கிழமைக்கு 2 மில்லிகிராம் அலுமினியம் வரைக்கும் உட்கொள்ளலாம் என்று 2011 இல் வரையறுத்தது. 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவருக்கு அது கிழமைக்கு 120 மில்லிகிராம். கரையும் அளவைக் கூட்டுபவை புளிப்பு, உப்பு, சூடு, நேரம் ஆகிய நான்கும். இந்த நான்கும் ஒன்றாகக் கூடும் பண்டம் எது என்று பார்த்தால், நம்முடைய புளிவிட்ட மீன் குழம்புதான். அதிலும் நாளைக்கு இன்னும் ருசிக்கும் என்று சட்டியோடு இரவு முழுவதும் வைத்துவிடும் வழக்கம் நமக்கு உண்டு. எனவே அலுமினியத்தில் சோறு காய்ச்சுங்கள், பால் காய்ச்சுங்கள், இடியப்பம் அவியுங்கள், சொதி வையுங்கள். சொதிக்குத் தேசிக்காயை எப்படியும் இறக்கிய பிறகுதானே பிழிவோம். புளிக்குழம்பை மட்டும் மண்சட்டிக்கோ சில்வருக்கோ மாற்றிவிடுங்கள்.

அலுமினியத்தில் நான் உண்மையிலேயே அஞ்சுவது வேறொன்று. பழைய இயந்திர உதிரிகளையும் கண்ட கண்ட உலோகத் துண்டுகளையும் உருக்கி வார்க்கும் சட்டிகளில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. கமரூன் நாட்டில் அவ்வாறு வார்த்த பாத்திரங்களை ஆய்வுகூடத்தில் சோதித்தபோது ஈயம் கரைந்து வந்தது. இறக்குமதியாகும் சில அலுமினிய, பித்தளைப் பாத்திரங்களும், இண்டாலியம் என்ற பெயரில் வரும் கலப்புலோகப் பாத்திரங்களும் உணவில் ஈயத்தைக் கசியவிடக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 இல் எச்சரித்தது. ஆகவே எடை கூடியது என்பதற்காக மட்டும், எதை உருக்கி வார்த்தார்கள் என்று தெரியாத கனத்த வார்ப்புச் சட்டியை வாங்கிவிட வேண்டாம். பாத்திரக்கடை ஐயா சொன்ன நிறைக் கணக்கு தகட்டில் செய்த சட்டிக்கே பொருந்தும்.

அடுத்தது நொன்ஸ்டிக். கருங்கல், மார்பிள், கிரனைற் என்று பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், பெரும்பாலும் உள்ளே இருப்பது 1938 இல் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட அதே டெப்லோன்தான், புள்ளிகள் அழகுக்காக. பீ.எப்.ஓ.ஏ. இல்லை என்ற வாசகத்தையும் காண்பீர்கள். அது பூச்சுத் தயாரிப்பில் முன்னர் பயன்படுத்திய ஒரு துணைப்பொருள். 2019 இல் ஸ்ரொக்ஹோம் சமவாயத்தின் ஒழிக்கப்பட வேண்டிய பொருட்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. அந்த வாசகம் இருப்பது நல்லதே, ஆனால் டெப்லோன் இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. டெப்லோன் ஏறத்தாழ 260 பாகை செல்சியஸ் வரைக்கும் பிரச்சினை தராது. அதைத் தாண்டிச் சூடேறச் சூடேறச் சிதைந்து, மூச்சுக்குக் கேடான புகையை விடும். கிண்ணியாச் சகோதரர் வெறும் சட்டியை அடுப்பில் வைப்பதில்லை என்றாரே, மிகச் சரி. தேங்காய் எண்ணெய் 200 பாகைக்கு முன்பின்னாகவே புகையத் தொடங்கிவிடுவதால், எண்ணெய் உள்ள சட்டி நமக்கு முற்கூட்டியே எச்சரிக்கை தந்துவிடும். வெறும் சட்டி ஒன்றும் சொல்லாது; மெல்லிய தகடாக இருந்தால் காஸ் நெருப்பில் சில நிமிடங்களிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடும். வீட்டில் கிளியோ லவ் பேர்ட்ஸோ வளர்ப்பவர்கள் கூட்டைச் சமையலறைக்குக் கிட்ட வைக்கவே கூடாது. மனிதருக்குக் காய்ச்சலும் தலையிடியுமாக முடியும் புகை, பறவைகளைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

கடைசியாகக் காந்தம். ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, அந்தச் சோதனை பாதிதான் சரி. 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் உள்ள நல்ல துருவேறா உருக்கில், அதாவது நாம் சில்வர் என்று சொல்வதில், காந்தம் ஒட்டாது என்பது உண்மை. ஆனால் விலை கூடிய நிக்கலைக் குறைத்து, அதற்குப் பதிலாக மங்கனீசைச் சேர்த்துச் செய்யும் 201 என்ற இனத்திலும் காந்தம் ஒட்டாது. மலிவுச் செற்றுகளில் அதிகம் வருவது இந்த 201 தான். உப்புக் காற்றில் அது முந்தித் துருப்பிடிக்கும். ஆகவே காந்தம் ஒட்டவில்லை என்று மகிழ்ந்துவிட முடியாது. இண்டக்சன் அடுப்புக்கு அடியில் ஒட்ட வேண்டும் என்று அவர் சொன்னது முழுக்கச் சரி. சில அலுமினியச் சட்டிகளின் அடியில் துளைகள் போட்ட மெல்லிய உருக்குத் தட்டு ஒன்றை அழுத்தி, இண்டக்சனுக்கும் உகந்தது என்று விற்கிறார்கள். அந்தத் தட்டு சிறியதாக இருந்தால் சூடும் அந்த வட்டத்துக்குள்ளேயே நிற்கும்.


பழைய பாத்திரக்கடைக்காரர்:

ஆசிரியர் அவர்களே, இருபத்திரண்டு வருடமாக அந்தக் காந்தத்தைக் காட்டியே சில்வர் விற்றிருக்கிறேன். இன்று நீங்கள் என் முதலுக்கே மோசம் செய்துவிட்டீர்கள். ஆனாலும் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காந்தம் ஒட்டாத செற் ஒன்றை வாங்கிய நிலாவெளி வாடிக்கையாளர் ஒருவர், ஒரு வருடத்துக்குள் ஆணியடியில் துருவோடு திரும்பி வந்தபோது, உப்புத் தண்ணீரில் ஊறவைத்திருப்பீர்கள் என்று அவர் மேலேயே பழியைப் போட்டு அனுப்பினேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

கிண்ணியாத் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் பாவிக்கும் விதத்தில் பாவித்தால் எந்தச் செற்றும் நான்கு வருடம் நிற்கும். ஆனால் வீடு என்றால் மாமி வருவார், மச்சாள் வருவார், உம்மா வருவார். எல்லோர் கையிலும் இரும்புக் கரண்டி இருக்கும்.


புதுக்குடித்தனம்:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் மிக்க நன்றி. மண்சட்டி விடயத்தில் மட்டும் ஒரு சந்தேகம். காஸ் நெருப்பில் வைத்தால் வெடித்துவிடாதா, புதுச் சட்டியின் மண்வாடை குழம்பில் இறங்காதா?


சாம்பல்தீவு அக்கா:

பழக்காமல் வைத்தால் இரண்டும் நடக்கும் தங்கச்சி. புதுச் சட்டியை ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். மறுநாள் கஞ்சித் தண்ணீரை அதில் ஊற்றி, மெல்லிய நெருப்பில் அரை மணித்தியாலம் கொதிக்கவிட்டு ஊற்றிவிடுங்கள். நன்றாக வெயிலில் காய்ந்ததும் உள்ளும் புறமும் தேங்காய் எண்ணெய் பூசி ஓர் இரவு வைத்துவிட்டு, முதலில் மீன் குழம்பு வைக்காமல் இரண்டு தரம் தேங்காய்ப்பூவை வறுத்தெடுங்கள். எப்போதும் சிறு நெருப்பில் தொடங்கிப் பிறகு கூட்ட வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கி ஈரமான மேசையில் வைக்கக் கூடாது, திருகணியில் வையுங்கள். சவர்க்காரம் போடாதீர்கள், மண் அதைக் குடித்துவிடும்; தேங்காய்த் தும்பும் சுடுதண்ணீரும் போதும். உள்ளே பளபளப்புப் பூச்சு உள்ள சட்டி வேண்டாம், வெறும் மண்சட்டியே எடுங்கள். உங்கள் இண்டக்சன் அடுப்பில் அது வேலை செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.


புதுக்குடித்தனம்:

இரண்டு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். சொன்னபடி தராசோடு போக முடியவில்லை, ஆனால் கடையில் ஒரு தராசு இருந்தது. 13,500 ரூபாய்ச் செற்றைப் பிரித்து, அதிலிருந்த 24 சென்ரிமீற்றர்ச் சட்டியை மூடியில்லாமல் நிறுத்துக் காட்டச் சொன்னேன். சட்டி வாங்க வந்தீர்களா, மீன் வாங்க வந்தீர்களா என்று கேட்டுக்கொண்டே கடைக்காரத் தம்பி நிறுத்தார். கைபிடிகள் இரண்டோடும் சேர்த்து 480 கிராம். ஐயாவின் கணக்குப்படி 2 மில்லிமீற்றருக்கு அது எட்டவில்லை. அடிமட்டத்தை வைத்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை, கண்ணாடி மேசையில் வைத்து ஒரு விரலால் அழுத்தியதுமே ஆடியது.

கடைசியில் எடுத்தவை இவை: அடியில் தடித்த வட்டு ஒட்டிய, காந்தம் அடியில் ஒட்டும் சில்வர்ச் சட்டி ஒன்று, மூடியோடு 6,800 ரூபாய், வார்ப்பிரும்புத் தாச்சி ஒன்று 2,400, முட்டைக்கு மட்டும் 20 சென்ரிமீற்றர் நொன்ஸ்டிக் தட்டைச் சட்டி ஒன்று 2,600, மண்சட்டி பெரிதும் சிறிதுமாக இரண்டு 900. எல்லாமாக 12,700 ரூபாய். மிச்சக் காசில் சிரட்டை அகப்பைகள் நான்கு வாங்கிக்கொண்டு, அம்மாவிடம் தகட்டு அலுமினியச் சட்டி ஒன்று கேட்டேன். அவர் மூன்று அனுப்பிவிட்டார், கூடவே ‘நான் அப்போதே சொன்னேன்’ என்ற செய்தியும். விருந்தினர் வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அது பதிலாகிவிட்டது.

மண்சட்டியில் முதலில் வைத்தது சூரைக் குழம்பு. இறக்கி வைத்த பிறகும் பத்து நிமிடம் வரைக்கும் ஓரத்தில் குமிழி விட்டுக் கொதித்துக்கொண்டே இருந்தது, அது தெரியாமல் நான் மீனைச் சற்றுக் கூடுதலாக அவித்துவிட்டேன். இனி முந்தியே இறக்க வேண்டும். தாச்சியைத் துடைத்து எண்ணெய் பூசாமல் ஒரே ஓர் இரவு விட்டதற்குக் காலையில் செம்மஞ்சள் நிறத்தில் துரு. மறுபடி தேய்த்து, சூடாக்கி, எண்ணெய் பூசியாயிற்று.

இப்போது ஒரே ஒரு பிரச்சினை. புதுச் சில்வர்ச் சட்டியின் உட்புற அடியில் ஊசி முனையால் குத்தியது போல் வெள்ளைப் புள்ளிகளும், ஒரு பக்கத்தில் வானவில் போல் நீலமும் மஞ்சளுமாக ஒரு கறையும் வந்திருக்கின்றன. இது 201 தானா?


இரசாயனம் கற்பிப்பவர்:

கறையை வைத்து அப்படி முடிவு செய்ய வேண்டாம். வானவில் நிறம், வெறும் சட்டி கூடுதலாகச் சூடேறியதால் மேற்பரப்பின் ஒட்சைட்டுப் படலம் சற்றுத் தடித்ததன் விளைவு. பாதி தேசிக்காயால் தேய்த்து ஐந்து நிமிடம் விட்டுக் கழுவினால் போய்விடும். வெள்ளைப் புள்ளிகளும் அதிலேயே போனால், அவை தண்ணீரில் இருந்த உப்புகள் காய்ந்து படிந்தவை. நகத்தால் தடவும்போது குழி தட்டுப்பட்டால் மட்டும், குளிர்ந்த தண்ணீரில் கல்லுப்பைப் போட்டுவிட்டு அடுப்பை மூட்டியிருக்கிறீர்கள். கரையாமல் அடியில் கிடந்த உப்பு அந்த இடத்தைத் தின்றிருக்கும். அது மாறாது, ஆனால் சமையலுக்குத் தடையில்லை. இனிமேல் தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போட்டு, ஒருதரம் அகப்பையால் துழாவிவிடுங்கள்.


புதுக்குடித்தனம்:

தேசிக்காயில் நிறம் போய்விட்டது. புள்ளிகளில் மூன்று மட்டும் நகத்தில் தட்டுப்படுகின்றன. உப்புப் போட்டவர் அவர்தான், விசாரித்துவிட்டேன்.